லெட் செப்பெலினின் ‘கோடா’வும் அதன் 2015 மறுவெளியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கோடா’ என்பது எந்த ஆல்பம்?

இங்கிலாந்தின் லெட் செப்பெலின் ராக் இசைக்குழுவின் பெயரில் வந்த ஒன்பதாவது ஸ்டூடியோ ஆல்பம் அது. கடைசி ஆல்பமும், அதிகம் கவனிக்கப்படாத ஆல்பமும் அதுவே. 1982 நவம்பரில் வெளிவந்தது. கோடா என்ற இத்தாலியச் சொல்லுக்கு வால் என்று பொருள். மேற்கத்திய இசையில் ஓர் உருப்படி முடிந்த பின் அதன் நுனியில் சேர்க்கப்படும் நிறைவுப் பகுதிக்கும் அதுதான் பெயர். ஆல்பம் கடைக்கு வந்தபோது குழுவே இல்லை என்பதால் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25ஆம் தேதி, தமது 32ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, முன்பிருந்ததைப் போலத் தொடர இயலாது என்று எஞ்சிய மூவரான கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் பிளான்ட், பேஸ் கிட்டாரும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் ஆகியோர் அறிவித்தனர். நால்வரும் ஓர் ஆல்பத்துக்காகவே கூடி உருவாக்கிய கடைசிப் படைப்பு 1979இல் வந்த ‘இன் த்ரூ தி அவுட் டோர்’. ‘கோடா’ அதற்குப் பின்னர், அலமாரியில் மிஞ்சிக் கிடந்த ஒலிநாடாக்களிலிருந்து தொகுக்கப்பட்டது.

குழு கலைந்த பிறகு ஒரு ஆல்பத்தை வெளியிட வேண்டிய தேவை என்ன?

இரண்டு காரணங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது ஒப்பந்தம். லெட் செப்பெலின் 1974இல் தொடங்கிய ஸ்வான் சாங் இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக, அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இன்னும் ஓர் ஆல்பம் தர வேண்டியிருந்தது. இரண்டாவது, பூட்லெக் எனப்படும் அனுமதியற்ற பதிவுகள். உலகில் அதிகம் பூட்லெக் செய்யப்பட்ட குழுக்களில் லெட் செப்பெலினும் ஒன்று. வெளிவராத பாடல்கள் தரம் கெட்ட நிலையில் கைமாறிக்கொண்டிருந்ததால், அவற்றை நாமே ஒழுங்காக வெளியிட்டுவிடலாம் என்பது தயாரிப்பாளருமான பேஜின் வாதம். இவ்விரண்டில் எது முந்தியது என்று ரசிகர்கள் இன்றும் சண்டையிட்டுக்கொள்வார்கள். மூன்றாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: பக்கம் இரண்டில் நான்கு நிமிடத்துக்கும் மேலாக டிரம்ஸ் மட்டுமே ஒலிக்கும் ஓர் உருப்படி இருக்கிறது. கடன் தீர்க்க மட்டுமே தொகுத்தவர் அதை வைத்திருக்க மாட்டார்.

அதில் உள்ள பாடல்கள் எப்போது, எங்கே பதிவானவை?

மொத்தம் எட்டுப் பாடல்கள், 33 நிமிடங்கள். ‘வி ஆர் கோனா குரூவ்’, ‘ஐ கான்ட் குவிட் யூ பேபி’ ஆகிய இரண்டும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1970 ஜனவரி 9ஆம் தேதி எடுக்கப்பட்டவை. அன்று பேஜுக்கு 26ஆவது பிறந்த நாள். முதல் பாடலை 1969ஆம் ஆண்டு ஸ்டூடியோ பதிவு என்று 1982 உறை குறிப்பிட்டிருந்தது. கூட்டத்தின் இரைச்சலை நீக்கி, மேலே கிட்டார் ஒலியைச் சேர்த்துச் செய்த வேலை அது என்பது பின்னர்தான் வெளியே தெரிந்தது. ‘புவர் டாம்’ 1970 ஜூனில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவிலும், ‘வால்டர்ஸ் வாக்’ 1972 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரின் கிராமப்புற மாளிகையான ஸ்டார்குரோவ்ஸிலும் பதிவாயின.

‘ஓசோன் பேபி’, ‘டார்லீன்’, ‘வேரிங் அண்ட் டேரிங்’ ஆகிய மூன்றும் 1978 நவம்பரில் ஸ்டாக்ஹோமிலுள்ள போலார் ஸ்டூடியோவில் பதிவாயின. அது ஸ்வீடனின் ஆபா பாப் குழுவினருக்குச் சொந்தமான ஸ்டூடியோ. ‘இன் த்ரூ தி அவுட் டோர்’ ஆல்பத்துக்காக எடுத்து, இடமின்றி ஒதுக்கப்பட்டவை இவை. ‘வேரிங் அண்ட் டேரிங்’ பாடலை 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த கச்சேரிகளையொட்டித் தனி இசைத்தட்டாக வெளியிட எண்ணியிருந்தார்கள்; காலத்துக்குள் அது கைகூடவில்லை.

மிஞ்சியது நான் மேலே சொன்ன டிரம்ஸ் உருப்படியான ‘பான்சோஸ் மோன்த்ரோ’. 1976 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் பான்ஹம் வாசித்ததை எடுத்து, பேஜ் அதன்மேல் மின்னணுக் கருவியால் சுருதி ஏற்றினார். தோல் வாத்தியத்தின் அடி ஒவ்வொன்றும் திடீரென உலோகத் தட்டுபோல் ஒலித்து, ஒரு மெட்டாகவே நகரத் தொடங்கும் இடம் அதில் வரும். தனியாவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடம் சட்டென்று பிடிபடும்.

விற்பனைப் பட்டியலில் மேலே ஏறிய ஆல்பத்தைக் கவனிக்கப்படாதது என்று ஏன் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. பிரிட்டனில் 4ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 6ஆம் இடத்தையும் ‘கோடா’ தொட்டது. ஆனால் லெட் செப்பெலின் என்ற பெயருக்காக முதல் வாரங்களில் வாங்கியவர்கள் வேறு, பிறகும் அதை எடுத்துக் கேட்டவர்கள் வேறு. குழு இல்லாததால் அதை முன்னிறுத்திச் சுற்றுப்பயணம் எதுவும் நடக்கவில்லை. அதே 1982இல் பிளான்ட் தமது முதல் தனி ஆல்பத்தை ஸ்வான் சாங் வழியாகவே வெளியிட்டு, வேறு திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார். 1983இல் ஸ்வான் சாங்கும் மூடப்பட்டது.

எட்டாண்டுகால வெவ்வேறு அமர்வுகளின் மிச்சம் என்பதால் ஆல்பத்துக்கு ஒரே முகம் இல்லை. 1970இன் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாட்டும் 1978இன் வேகப் பாட்டும் ஒரே ஆல்பத்தில் வரும்போது, ஒரே வீட்டில் இரு வேறு தலைமுறையினர் பேசிக்கொள்வதைப் போல இருக்கும். விமர்சகர்களும் ரசிகர்களும் இந்தக் குழுவின் ஆல்பங்களைத் தர வரிசைப்படுத்தும்போது ‘கோடா’வைக் கடைசியில் வைப்பது வழக்கமாகிவிட்டது. பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2015க்கு முன்னர் அதில் ஏதேனும் சேர்க்கப்பட்டதா?

ஆம். 1993இல் எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களும் ஒரே பெட்டியாக வந்தபோது, ‘கோடா’வின் இறுதியில் நான்கு பாடல்கள் ஒட்டப்பட்டன. அவற்றில் ‘ஹே ஹே வாட் கேன் ஐ டூ’ என்பது 1970இல் அமெரிக்காவில் வந்த தனி இசைத்தட்டு ஒன்றின் மறுபக்கப் பாடல். குழு இயங்கிய காலத்தில் அதன் எந்த ஆல்பத்திலும் இடம்பெறாதது. ‘பேபி கம் ஆன் ஹோம்’ 1968 அக்டோபரில் பதிவாகி, காணாமல் போயிருந்த ஒலிநாடாவில் இருந்தது. 1991இல் ஒலிம்பிக் ஸ்டூடியோவுக்கு வெளியே குப்பைத் தொட்டியில் அது கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. ‘கோடா’ வீட்டில் இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் திண்ணையாகிவிட்டது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். 2015இன் மறுவெளியீடு அந்தத் திண்ணையை நீட்டிக் கட்டியதுதான்.

2015 மறுவெளியீட்டைச் செய்தவர் யார்?

ஜிம்மி பேஜ். 2014 ஜூனில் முதல் மூன்று ஆல்பங்களுடன் அவர் ஒரு மறுவெளியீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒலிப்பொறியாளர் ஜான் டேவிஸுடன் சேர்ந்து புதிதாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்து, கூடவே ‘துணைத் தட்டு’ ஒன்றில் அந்தக் காலத்து வெளிவராத பதிவுகளையும் தருவது திட்டம். ‘பிரசென்ஸ்’, ‘இன் த்ரூ தி அவுட் டோர்’, ‘கோடா’ ஆகிய மூன்றும் கடைசித் தவணையாக 2015 ஜூலை 31ஆம் தேதி வந்தன. மற்ற ஆல்பங்களுக்குத் துணைத் தட்டு ஒன்று. ‘கோடா’வுக்கு மட்டும் இரண்டு, மொத்தம் 15 பதிவுகள். மூல உறையின் வண்ணங்களைத் தலைகீழாக்கித் துணைத் தட்டுகளுக்கு உறையாக்கியிருந்தார்கள்.

அந்த 15 பதிவுகளும் உண்மையிலேயே முன்பு வெளிவராதவையா?

இல்லை; விளம்பரத்தை மட்டும் படித்து வாங்கியவர்கள் இங்கே சற்று முகம் சுளித்தார்கள். ‘பேபி கம் ஆன் ஹோம்’, ‘ஹே ஹே வாட் கேன் ஐ டூ’, பிபிசி வானொலிக்காக 1969இல் பதிவான ‘டிராவலிங் ரிவர்சைடு புளூஸ்’ ஆகிய மூன்றும் ஏற்கெனவே முறையாக வந்தவை. மற்ற 12 பதிவுகள்தான் அதிகாரபூர்வமாக முதன்முறை வந்தவை. அவற்றிலும் பம்பாய்ப் பதிவுகள், முதல் ஆல்பத்துக்காக 1968இல் எடுத்த ‘சுகர் மாமா’ போன்றவை பூட்லெக் தட்டுகளில் பல்லாண்டுகளாக உலவியவை. ஆனால் நகலின் நகலாகக் கேட்ட ஒன்றை மூல நாடாவிலிருந்து கேட்பது முதல் முறை கேட்பதற்குச் சமம். கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டிருந்த ஒரு பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பம்பாய்ப் பதிவுகள் என்றால் என்ன? லெட் செப்பெலின் இந்தியாவுக்கு வந்ததா?

குழுவாக வந்து கச்சேரி செய்யவில்லை. 1972இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாயில் தங்கியபோது, உள்ளூர் இசைக்கலைஞர்களைத் திரட்டித் தம் இரு பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்து பார்த்தார்கள். (அதே பயணத்தில் கொலாபாவிலிருந்த ஸ்லிப் டிஸ்க் என்ற டிஸ்கோவின் மேடையில் ஏறி இருவரும் வாசித்த கதை பம்பாயின் ராக் ரசிகர்களிடையே இன்னமும் சொல்லப்படுகிறது.) அந்தப் பாடல்களில் ஒன்று 1970இன் மூன்றாம் ஆல்பத்தில் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’, மற்றது 1971இன் நான்காம் ஆல்பத்தில் வந்த ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’. ஜோன்ஸும் பான்ஹமும் அங்கே இல்லை.

‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ என்ற பெயர், பான்ஹம் கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளைப் பிடித்து வாசித்ததால் வந்தது. அதன் முக்கியப் பகுதியில் ஐந்தெண்ணிக்கையும் ஆறெண்ணிக்கையும் மாறி மாறி வரும். மேற்கத்திய ராக் காதுக்கு அது இடறும் தாளம், ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடைக்குப் பழகிய நம் காதுக்கோ அந்த ஐந்தெண்ணிக்கை வீட்டுச் சாப்பாடு. பம்பாய்ப் பதிவில் பான்ஹமின் நான்கு குச்சிகள் இருந்த இடத்தில் தபலா உட்கார்ந்திருக்கிறது. தலைப்பும் ‘ஃபோர் ஹேண்ட்ஸ்’, அதாவது நான்கு கைகள் என்று மாறிவிட்டது. பிளான்ட்டின் குரல் இதில் இல்லை. மெட்டை வட இந்திய வாத்தியங்களும் தந்திக் கூட்டமும் ஏந்திச் செல்கின்றன. ஹெட்போனில் கேட்டால், வயலின்கள் ஒன்றுசேர்ந்து சொற்றொடரை முடிக்கும் இடங்களில் ஒரு நூலிழை முன்பின் ஆவது தெரியும். அந்த நூலிழைதான் எனக்கு இப்பதிவில் மிகவும் பிடித்தது. புதிய மெட்டொன்றை அப்போதுதான் கைக்குள் கொண்டுவரும் கலைஞர்களின் மூச்சு அதில் இருக்கிறது. மேற்கத்திய முறையில் எண்ணிக்கையிட்டு வாசிப்பது அங்கிருந்தவர்களுக்குப் புதிது என்பதைப் பேஜும் பின்னாளில் ஒரு குறையாகச் சொன்னதுண்டு. தாளம் தெரியாதவர்கள் என்று அதைப் படித்துவிடக் கூடாது. தாளத்தை ஆவர்த்தனமாக உணர்பவர்களிடம் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணச் சொன்னால் யாருக்கும் சில மணி நேரம் பிடிக்கும்.

‘ஃபிரெண்ட்ஸ்’ பதிவில் பிளான்ட் பாடுகிறார். மூலப் பாடலிலேயே கீழைத்தேய சாயலில் தந்தி வாத்தியங்கள் பின்னணியில் ஒலிப்பதால், பம்பாய் வடிவம் அந்தச் சாயலின் ஊருக்கே போய் வந்ததுபோல் இருக்கிறது. ஒரு மனக்குறை மட்டும் உண்டு: பாடல் பட்டியலில் வாசித்தவர்கள் ‘பம்பாய் ஆர்கெஸ்ட்ரா’ என்று ஒரே பெயரில் அடங்கிப்போகிறார்கள்.

இந்த முயற்சி அத்தோடு நின்றுவிட்டதா?

இல்லை. 1994இல் பேஜும் பிளான்ட்டும் மீண்டும் இணைந்து வெளியிட்ட ‘நோ குவார்ட்டர்’ ஆல்பத்தில் இதே இரு பாடல்களும் கிழக்கத்திய வாத்தியக் கூட்டத்துடன் இடம்பெற்றன. 22 ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடர்ந்தார்கள் என்பது ‘கோடா’ மறுவெளியீட்டைக் கேட்டபின் பளிச்சென்று தெரியும்.

ரஃப் மிக்ஸ் என்று பல பாடல்களின் அருகே போட்டிருக்கிறதே, அது என்ன?

பாட்டைப் பதிவு செய்தபின் குரல், கிட்டார், டிரம்ஸ் முதலிய தனித்தனித் தடங்களை எந்த அளவில் கலப்பது என்று முடிவு செய்வதே மிக்ஸ். இறுதி மிக்ஸுக்கு முன்னர், இதுவரை என்ன ஆகியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கக் கலைஞர்கள் அவசரமாகக் கலந்து எடுத்துச் செல்வது ரஃப் மிக்ஸ். சில வேளைகளில் அதில் உள்ள வாசிப்பே வேறாக இருக்கும். பின்னர் மாறிய வரிகளும் மெருகேறாத தனி வாசிப்பும் அதில் அப்படியே உறைந்திருக்கும்.

இத்தொகுப்பில் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘இஃப் இட் கீப்ஸ் ஆன் ரெய்னிங்’. நான்காம் ஆல்பத்தின் இறுதிப் பாடலான ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ என்பதன் முந்தைய வடிவம் இது. 1927இன் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த புளூஸ் பாட்டுதான் இதன் வேர். நாம் அறிந்த இறுதி வடிவம் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் உருவானது. கீழே கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிகளின் மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டு எடுத்த அந்த முழக்கம் பிற்காலத்தில் எத்தனையோ ராப் பாடல்களுக்குள் வெட்டி ஒட்டப்பட்டது. முந்தைய வடிவத்தில் அந்த முழக்கம் இன்னும் வந்து சேரவில்லை. பாட்டு இருக்கிறது, வெள்ளம் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டையோ வரியையோ பெரிதாக மாற்றாமல், டிரம்ஸ் இருக்கும் அறையை மாற்றியே ஒரு பாட்டை வேறாக்க முடியும் என்பது கண்கூடாகத் தெரிகிறது.

‘எவ்ரிபடி மேக்ஸ் இட் த்ரூ’ என்பதும் அத்தகையதே. பின்னாளில் ‘இன் தி லைட்’ ஆன பாட்டு, இங்கே வேறு தலைப்பிலும் வேறு வரிகளிலும் இருக்கிறது. ‘டிசையர்’, பிற்பாடு ‘தி வான்டன் சாங்’ ஆனது. 1970ஆம் ஆண்டின் ‘செயின்ட் டிரிஸ்டன்ஸ் சோர்ட்’ மட்டும் பின்னர் எதுவாகவும் ஆகவில்லை. குரலில்லாத அந்த உருப்படி இத்தனை காலம் பெட்டிக்குள் கிடந்தது ஏன் என்று வியக்க வைக்கிறது.

மறுவெளியீட்டில் குறை என்று எதைச் சொல்வீர்கள்?

ஸ்டாக்ஹோம் பாடல்களைத் தவிர்த்ததை. ‘ஓசோன் பேபி’, ‘டார்லீன்’, ‘வேரிங் அண்ட் டேரிங்’ மூன்றுமே ‘கோடா’வுக்கே உரியவை, வேறெந்த ஆல்பத்திலும் இல்லாதவை. துணைத் தட்டுகளில் அவற்றின் மாற்று வடிவம் ஒன்றுகூட இல்லை. அதற்கு மாறாக, மூன்றாம் தட்டில் பாதிக்கு மேல் வேறு ஆல்பங்களின் பாடல்களுடைய மாற்று வடிவங்களே இடம்பெற்றுள்ளன. அவற்றை அந்தந்த ஆல்பங்களின் துணைத் தட்டில் சேர்த்திருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. ஆயினும், 1968இல் தொடங்கி 1978 வரை பத்தாண்டுகளின் ஒதுக்கப்பட்ட பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் ‘கோடா’வுக்கு முதன்முறையாக ஓர் உருவம் கிடைத்தது என்பேன். 1982இல் மெலிந்த ஆல்பமாகத் தோற்றது, 2015இல் நல்ல ஆவணக் காப்பகமாக வென்றது. ஒன்பது மறுவெளியீடுகளில் மூலத்தைவிட அதிகம் வளர்ந்தது இதுதான்.

புதிய மாஸ்டரிங்கில் ஒலி எப்படி இருக்கிறது?

தெளிவாக, அடக்கமாக. ‘புவர் டாம்’ பாட்டில் பான்ஹமின் தாளச் சுழற்சி ஒவ்வோர் அடியாகப் பிரிந்து கேட்கிறது. பழைய ஆல்பங்களை இன்றைய காதுக்காக இரைச்சலாக்கிவிடும் வழக்கத்துக்குப் பேஜ் இடம் கொடுக்கவில்லை.

எந்தப் பதிப்பை வாங்கலாம்?

ஒற்றைத் தட்டு, துணைத் தட்டுகளுடன் கூடிய டீலக்ஸ், எல்லாம் அடங்கிய பெரிய பெட்டி என்று மூன்று வகை. முதல் இரண்டும் குறுந்தகடாகவும் 180 கிராம் இசைத்தட்டாகவும் வந்தன. பெரிய பெட்டியில் இரு வடிவங்களும் ஒரு புத்தகமும், 24 பிட் தரத்திலான பதிவிறக்கமும் உண்டு. ‘கோடா’வைப் பொறுத்தவரை ஒற்றைத் தட்டு வாங்குவதில் பொருளில்லை, சுவையெல்லாம் துணைத் தட்டுகளில் இருக்கிறது. மூன்று குறுந்தகடுகள் கொண்ட டீலக்ஸ் பதிப்பே போதும். செலவழிக்க மனமில்லாதவர்கள் ஸ்ட்ரீமிங் தளங்களில் டீலக்ஸ் பதிப்பைத் தேடிக் கேட்கலாம்.

முதன்முறை கேட்பவர் எங்கிருந்து தொடங்குவது?

முதல் தட்டிலிருந்து வேண்டாம். ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ மூலத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, மூன்றாம் தட்டின் முதல் பதிவான ‘ஃபோர் ஹேண்ட்ஸ்’ கேளுங்கள். பிறகு ‘வென் தி லெவி பிரேக்ஸ்’, அதன் முந்தைய வடிவம். அதற்கப்புறம் முதல் தட்டுக்கு வந்தால் ‘பான்சோஸ் மோன்த்ரோ’வின் அருமை கூடுதலாகத் தெரியும், இரண்டாம் தட்டில் அதன் மிக்ஸ் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நிலையிலான வடிவமும் இருக்கிறது.

இனியும் வெளிவராத பதிவுகள் வருமா?

ஸ்டூடியோ ஆல்பங்களின் மறுவெளியீடு ‘கோடா’வோடு முடிந்தது. ஆனால் பெட்டி காலியாகிவிடவில்லை என்பதற்குச் சான்று உண்டு: 2018 ஏப்ரலில் ‘ராக் அண்ட் ரோல்’, ‘ஃபிரெண்ட்ஸ்’ ஆகிய பாடல்களின், அதுவரை வெளிவராத மிக்ஸ்கள் ஒரு சிறிய மஞ்சள் நிற இசைத்தட்டில் வந்தன. அதில் இருந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ ஒலிம்பிக் ஸ்டூடியோவின் மிக்ஸ். பம்பாய் வடிவத்தையும் கையில் வைத்திருப்பவர்கள் இப்போது ஒரே பாட்டை வெவ்வேறு வாசல்கள் வழியே நுழைந்து கேட்கலாம்.